பெரிய ஆர்க்கிடெக்ட் கிடைச்சும் கோர்ட்டுக்குப் போன வீடு: எடித் ஃபார்ன்ஸ்வொர்த் கேஸ்

மனை வாங்கி வீடு கட்ட இறங்குறவங்க எல்லாரும் முதல்ல அலையறது நல்ல ஆர்க்கிடெக்ட் ஒருத்தரைத் தேடித்தான். திறமையான ஆள் கையில ஒப்படைச்சுட்டா பாதி கவலை விட்டுச்சுன்னு நினைக்கிறோம். அப்படி நினைக்கறவங்க எல்லாருக்கும் நான் சொல்ற கேஸ் இது. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல, அந்தக் காலத்துல உலகத்துலயே பேர் பெத்த ஆர்க்கிடெக்ட் ஒருத்தர் கிடைச்சு, அவரே தானா "நான் கட்டித் தர்றேன்"னு முன்வந்து, கடைசியில வீட்டுக்காரங்களும் அவரும் கோர்ட்டுல எதிரெதிரா உக்காந்த கதை. அந்த வீடு இன்னைக்கும் நிக்குது, காலேஜ்ல பாடமா வெக்கிறாங்க, ஆனா பெரும்பாலும் கண்ணாடியையும் ஸ்டீலையும் பத்தித்தான் பேசுவாங்க. நான் இங்க பாக்கப்போறது அந்த அம்மா ஆர்க்கிடெக்ட்டைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் நடுவுல எதெல்லாம் பேசாம விட்டுட்டாங்கங்கறதையும்.

எடித் ஃபார்ன்ஸ்வொர்த் சிகாகோவுல டாக்டர், கிட்னி ஸ்பெஷலிஸ்ட். 1903ல பொறந்தவங்க, சின்ன வயசுல வயலின் படிக்க இத்தாலி வரைக்கும் போனவங்க, அப்புறம்தான் மருத்துவம். கல்யாணம் பண்ணிக்கல. தன் சம்பாத்தியத்துல சிகாகோவுல இருந்து சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி பிளானோன்னு ஒரு ஊர் பக்கத்துல ஃபாக்ஸ் ஆத்தங்கரையில ஒன்பது ஏக்கர் சொச்சம் இடம் வாங்கினாங்க. ஆஸ்பத்திரி வேலையில இருந்து வார கடைசியில தப்பிச்சு வந்து படிக்க, வயலின் வாசிக்க, ரெண்டு நாள் நிம்மதியா இருக்க ஒரு சின்ன வீடு, அவ்வளவுதான் ஆசை.

1945ல ஒரு ஃப்ரெண்டு வீட்டு டின்னர்ல மீஸ் வான் டெர் ரோவை சந்திக்கிறாங்க. மீஸ் யாருன்னா, ஜெர்மனியில பௌஹவுஸ்ங்கற பேர் பெத்த டிசைன் பள்ளியோட கடைசி டைரக்டர், 1929ல பார்சிலோனா பெவிலியன்ங்கற கண்காட்சி மண்டபத்தைக் கட்டினவர், 1938ல சிகாகோ வந்து அங்க ஆர்க்கிடெக்சர் துறைக்குத் தலைவரா இருந்தவர். கட்டடக் கலையில இவருக்கு மேல பேர் சொல்லணும்னா ரெண்டு மூணு பேரைத்தான் சொல்ல முடியும். எடித் அவர்கிட்ட கேட்டது என்னன்னா, உங்க ஆபீஸ்ல இருக்கற இளம் ஆர்க்கிடெக்ட் யாராவது எனக்கு ஒரு சின்ன வார விடுமுறை வீடு போட்டுத் தருவாங்களான்னு. சாப்பாடு முடியற வரைக்கும் பெருசா வாய் திறக்காத மனுஷன், உங்களுக்கு எப்படிப்பட்ட வீடா இருந்தாலும் நானே சந்தோஷமா கட்டித் தர்றேன்னு சொல்லிட்டார். எடித் பின்னாடி எழுதி வெச்ச நினைவுகள்ல இதைப் படிச்சா அந்த நிமிஷம் அவங்களுக்கு எவ்வளவு பெருசா இருந்திருக்கும்னு புரியுது.

தேர்வு முடிஞ்சது அவ்வளவுதான், ஒரே டின்னர்ல. நம்ம ஊர்ல சொந்தக்காரர் கிரகப்பிரவேசத்துல எலிவேஷனைப் பாத்து மயங்கி அங்கயே ஆர்க்கிடெக்ட் நம்பரை வாங்கிக்கிட்டு வர்றோமே, அதேதான். ஆள் திறமையானவர்ங்கறதுல எடித்துக்கு சந்தேகமே இல்ல, இருக்கவும் வேண்டியதில்ல, ஆனா அவர் எப்படிப்பட்ட வீட்டுல எப்படி வாழணும்னு நம்புறவர், நான் எப்படி வாழ்றவ, இந்த ரெண்டும் ஒத்துப்போகுமாங்கற கேள்வி அந்த மேஜையில வரவே இல்ல. மீஸுக்கு ரொம்ப நாளா மனசுல ஒரு ஐடியா இருந்துச்சு, சுவரே இல்லாம முழுக்க கண்ணாடியா, நடுவுல தூணே இல்லாம ஒரே திறந்த அறையா ஒரு வீடு. குழந்தைங்க உள்ள குடும்பம் அதுக்கு ஒத்துக்காது. தனியா இருக்கற, படிச்ச, கலை ரசனை உள்ள, நல்லா சம்பாதிக்கற ஒரு அம்மா, அதுவும் வாரக் கடைசிக்கு மட்டும்னு வந்தா அந்த ஐடியாவுக்கு அதைவிடப் பொருத்தமான க்ளையன்ட் கிடைக்க மாட்டாங்க. எடித் ஆர்க்கிடெக்ட்டைத் தேர்ந்தெடுத்த அதே நேரத்துல ஆர்க்கிடெக்ட்டும் தன்னோட க்ளையன்ட்டைத் தேர்ந்தெடுத்துட்டார், அது அந்த அம்மாவுக்குத் தெரியல. இது எல்லா பெரிய பேர் டிசைனர்கிட்டயும் நடக்கும், தப்புன்னு சொல்லல. அவங்க ஏன் நம்ம வேலையை எடுத்துக்கறாங்கன்னு நேரடியா கேட்டுறணும், இந்த மனையில நீங்க என்ன செஞ்சு பாக்க ஆசைப்படறீங்கன்னு கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க, நல்ல ஆர்க்கிடெக்ட்னா சந்தோஷமா பேசுவாங்க.

அடுத்து வந்த வருஷங்கள்ல ரெண்டு பேரும் நல்ல நட்பா இருந்தாங்க, மனைக்கு சேர்ந்து போவாங்க, ஆத்தங்கரையில உக்காந்து பேசுவாங்க. டிசைன் 1946லயே ஓரளவு ரெடி. 1947ல நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்துல மீஸோட கண்காட்சி நடந்தப்ப இந்த வீட்டோட மாடல் அங்க காட்சிக்கு வெச்சிருந்தாங்க, எடித் போய்ப் பாத்துட்டு வந்தாங்க. தன் வீடு இன்னும் கடைக்காலே தோண்டல, அதுக்குள்ள உலகமே அதைப் பாத்துப் பேசுது. அந்தப் பெருமை எப்படி இருந்திருக்கும்! இன்னைக்கு நமக்கு மொபைல்ல வர்ற 3டி வியூ செய்யறதும் இதேதான், சாயங்கால வெளிச்சம், பக்கத்துல ஒரு மரம், பளபளன்னு தரை. அதுல கொடியில காயற துணி இருக்காது, கேஸ் சிலிண்டர் இருக்காது, செருப்பு ஸ்டாண்ட் இருக்காது. மாடலைப் பாத்து எடித் சரின்னு சொன்னது உண்மை, பின்னாடி கோர்ட்டுல இதுவே அவங்களுக்கு எதிரா நின்னுச்சு, எல்லாம் தெரிஞ்சுதானே ஒத்துக்கிட்டீங்கன்னு.

கட்டட வேலை ஆரம்பிச்சது 1949ல. நடுவுல போன வருஷங்கள்ல விலைவாசி நின்னுட்டு இருக்கல. 1950ல கொரியப் போர் தொடங்கினதும் சாமானுக்கு தட்டுப்பாடு வந்துருமோன்னு பயத்துலயே விலை எகிறுச்சு. 1950ல ஒத்துக்கிட்ட பட்ஜெட் 58,400 டாலர், 1951ல வேலை முடியறப்ப 74,000 டாலர் தொட்டிருச்சு, அதாவது கால் பங்குக்கு மேல கூட. எடித் தரப்புல சொன்னது, ஆரம்பத்துல 40,000 டாலருக்குள்ள முடியும்னுதான் தன்கிட்ட சொன்னாங்கன்னு. எது நிஜம்னு தீர்மானிக்க கையெழுத்து போட்ட பேப்பர் ஒண்ணு இருந்திருந்தா பிரச்சனை ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். அப்படி ஒண்ணுமே இல்ல. டிசைனுக்கும் மேற்பார்வைக்கும் ஃபீஸ் எவ்வளவுன்னு எழுதின ஒப்பந்தம் இல்ல, செலவு கூடினா யார் முடிவு பண்ணணும்னு இல்ல, எந்த அளவைத் தாண்டினா வேலையை நிறுத்திக் கேக்கணும்னு இல்ல. நட்பு இருக்கறப்ப பேப்பர் கேக்கறது அவமரியாதையா தெரியும், எல்லா ஊர்லயும் இதே கதைதான்.

இன்னொண்ணு இருக்கு, என் கணக்குல இதுதான் இந்த கேஸோட ஆணிவேர். டிசைன் பண்ண மீஸோட ஆபீஸேதான் கான்ட்ராக்டர் வேலையையும் பாத்துச்சு. ஸ்டீல் வாங்கறது, கல் வாங்கறது, ஆளுங்களை அமர்த்தறது, பில்லை எடித்துக்கு அனுப்பறது எல்லாம் அங்க இருந்தேதான். டிராவர்டைன்னு ஒரு விலை உசந்த கல்லு, தரை முழுக்க அதுதான். ஸ்டீல்ல வெல்டிங் தடம் தெரியாத அளவுக்கு தேய்ச்சு தேய்ச்சு வெள்ளை பெயின்ட் அடிச்சது. ஒவ்வொண்ணும் பிரமாதமான வேலை, ஆனா "இது இவ்வளவு விலையில வேணுமா, குறைச்சு பண்ண முடியாதா"ன்னு வீட்டுக்காரங்க பக்கம் நின்னு கேக்க ஒருத்தர் கூட இல்ல. ஆர்க்கிடெக்ட் தனியா, கான்ட்ராக்டர் தனியா இருந்தா ஒருத்தர் தப்பு இன்னொருத்தர் கண்ணுல படும், பில்லு வந்தா ஆர்க்கிடெக்ட் அளந்து பாத்து சரின்னு சொல்லித்தான் பணம் போகும். ரெண்டும் ஒரே கை ஆனா, அந்தக் கை எவ்வளவு நேர்மையா இருந்தாலும் கேள்வி கேக்க ஆள் இல்ல.

இங்கயே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லிட்டுப் போறேன், ஏன்னா நம்ம ஊர்ல இப்ப பெரும்பாலான வீடு இந்த முறையிலதான் போகுது. சதுர அடிக்கு இவ்வளவுன்னு ரேட் பேசி, "டிசைன் ஃப்ரீ சார், 3டி ஃப்ரீ, அப்ரூவல் நாங்களே பாத்துக்கறோம்"னு சொல்ற பில்டர். அவங்க எல்லாரும் ஏமாத்தறவங்கன்னு நான் சொல்லவே மாட்டேன், நேர்மையா கட்டித் தர்றவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா டிசைன் ஃப்ரீன்னா அந்த டிசைனரோட சம்பளம் பில்டர்கிட்ட இருந்து வருது, அப்ப அவர் யார் லாபத்தைப் பாத்து கோடு போடுவார்? ஜன்னல் சின்னதாகும், சன்ஷேட் குட்டையாகும், லாஃப்ட் காணாமப் போகும், கேட்டா ஸ்டாண்டர்ட் சைஸ்னு பதில் வரும். ஆர்க்கிடெக்ட்டுக்கு கொடுக்கற ஃபீஸை மிச்சம் பண்ணோம்னு நினைக்கற இடத்துல நமக்காகப் பேசற ஒரே ஆளை இழந்துடறோம். பில்டர்கிட்டயே எல்லாத்தையும் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாலும் வெளியில இருந்து ஒரு இன்ஜினியரையோ ஆர்க்கிடெக்ட்டையோ நாமளே காசு கொடுத்து டிராயிங்கையும் எஸ்டிமேட்டையும் ஒரு தடவை பாக்க வெச்சுருங்க. ப்ளீஸ், இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

சரி, வீடு முடிஞ்சு எடித் குடி வந்தாங்க. உள்ள சுமார் 1,500 சதுர அடி, ஒரே அறை. எட்டு ஸ்டீல் தூண், எல்லாம் வெளிப்பக்கம். தரை நிலத்துல இருந்து அஞ்சேகால் அடி உசரத்துல மிதக்கற மாதிரி இருக்கும். நடுவுல மரப் பலகை போட்ட ஒரு பெட்டி, அதுக்குள்ள ரெண்டு பாத்ரூம், ஒரு பக்கம் சமையல் மேடை, ஒரு பக்கம் கணப்பு. நாலு பக்கமும் தரையில இருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. போட்டோவுல பாத்தாலே மூச்சு நிக்கற அழகு, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல.

ஆனா அங்க இருந்து பாத்தா? வெயில் காலத்துல உள்ள வெந்துரும், திறக்கற ஜன்னல்னு பாத்தா கிழக்குப் பக்கம் கீழ சின்னதா ரெண்டே ரெண்டு, அப்புறம் வாசக் கதவு. நிழலுக்கு தெற்குப் பக்கம் இருந்த ஒரு மேப்பிள் மரத்தை நம்பியிருந்தாங்க. குளிர் காலத்துல கண்ணாடி முழுக்க நீராவி படிஞ்சு தண்ணியா வழியும். கூரை ஒழுகுச்சு. ராத்திரி விளக்கு போட்டா வயக்காட்டுல தனியா எரியற விளக்கு மாதிரி ஆத்தங்கரைப் பூச்சி எல்லாம் வந்து அப்பிக்கும், கொசுத் தொல்லை தாங்காம வராந்தாவுக்கு வலை அடிக்க வேண்டியதாச்சு. துணி வெக்க இடம் இல்ல, பின்னாடிதான் ஒரு அலமாரி செஞ்சு வெச்சாங்க. 1953ல ஒரு பத்திரிகைக்கு எடித் பேட்டி கொடுத்தப்ப சொன்ன ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவே இல்ல, குப்பைத் தொட்டியை சிங்க்குக்கு அடியில வெக்க முடியலையாம், ஏன்னா வர்ற வழியில இருந்தே சமையல் பக்கம் முழுசா தெரியுது, ஒரு தொட்டி வெச்சா மொத்த வீட்டோட அழகும் கெட்டுருது, அதனால தள்ளி ஒரு அலமாரிக்குள்ள ஒளிச்சு வெச்சாங்களாம். தன் வீட்டுல குப்பைத் தொட்டி எங்க வெக்கறதுன்னு தானே முடிவு பண்ண முடியாத நிலைமை எவ்வளவு கொடுமை! இதுக்கு நடுவுல வீட்டைப் பாக்க வெளியாளுங்க வந்து கண்ணாடி வழியா எட்டிப் பாப்பாங்க.

தண்ணி கதையும் சொல்லணும். ஆத்துக்கு கிட்டத்துலயே வீட்டை வெச்சது டிசைனோட உயிர். வெள்ளம் வரும்னு மீஸுக்குத் தெரியும், பழைய வெள்ள மட்டத்தை விசாரிச்சு அதுக்கு மேலதான் தரையை வெச்சார், தூண் மேல தூக்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா மூணே வருஷத்துல 1954ல வந்த வெள்ளம் தரைக்கு மேல நாலு அடி நின்னுச்சு. 1996ல அதையும் தாண்டி அஞ்சு அடி, கண்ணாடி உடைஞ்சு உள்ள இருந்தது எல்லாம் போச்சு. ஆத்தோட மேல் பக்கம் ஊர் வளர வளர, மண்ணு குடிச்ச மழை எல்லாம் இப்ப நேரா ஆத்துக்கு வருது, பழைய கணக்கு செல்லாது. சென்னையில முடிச்சூர், வேளச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்ல, 2015 டிசம்பரை மறக்க முடியுமா. ஆர்க்கிடெக்ட்கிட்ட முதல் சந்திப்புலயே பேஸ்மென்ட் உசரத்தை எதை வெச்சு முடிவு பண்ணுவீங்கன்னு கேளுங்க. ரோட்டுல இருந்து மூணு அடின்னு பழக்க தோஷத்துல பதில் சொல்றவருக்கும், அந்தத் தெருவுல அக்கம்பக்கத்து வீட்டுல தண்ணி நின்ன கறையைப் பாத்து, ரோடு அடுத்தடுத்து உசந்துக்கிட்டே போறதையும் சேர்த்து கணக்கு போடறவருக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்குன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

கோர்ட் விஷயத்துக்கு வருவோம். பாக்கி 28,173 டாலர் வரலைன்னு 1951ல மீஸ் கேஸ் போட்டார். எடித் பதிலுக்கு தொழில்ல தவறு பண்ணிட்டார், ஏமாத்திட்டார்னு எதிர் கேஸ். 1952ல பக்கத்து ஊர் யார்க்வில்ல வாரக்கணக்கா விசாரணை. செலவு கூடினப்ப எல்லாம் எடித்துக்குத் தெரிஞ்சு, அவங்க ஒத்துக்கிட்டுதான் நடந்துச்சுன்னு மீஸ் தரப்பு காட்டுச்சு, எடித்தோட குற்றச்சாட்டு நிரூபணமாகல, தீர்ப்பு மீஸ் பக்கம் வந்துச்சு. அதுக்கப்புறம் சமரசமா முடிச்சுக்கிட்டாங்க. நட்பு திரும்பவே இல்ல.

இந்த கேஸைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் ரெண்டு கட்சியா பிரிஞ்சுடறாங்க, மேதையைப் புரிஞ்சுக்காத அம்மான்னு ஒரு பக்கம், பொம்பளைன்னு அலட்சியமா நடத்தின ஆர்க்கிடெக்ட்னு ஒரு பக்கம். கணக்கு விஷயத்துல கோர்ட் சொன்னது சரின்னுதான் எனக்குப் படுது, மாசா மாசம் பில்லைப் பாத்து செக் கொடுத்துட்டு கடைசியில எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. ஆனா வாழற விஷயத்துல நான் முழுக்க எடித் பக்கம். ஒரு வீட்டுல எத்தனை ஜன்னல் திறக்கும், துணி எங்க வெக்கறது, ராத்திரி வெளியில இருந்து பாத்தா நான் தெரிவேனா, இதெல்லாம் க்ளையன்ட் கேட்டாத்தான் சொல்லணும்னு இல்ல, அதை முன்கூட்டியே யோசிச்சு எடுத்துச் சொல்றதுக்குத்தான் தொழில் தெரிஞ்சவருக்கு ஃபீஸ். ஒரு டாக்டர் மருந்து எழுதறப்ப பக்க விளைவை நோயாளி கேக்கற வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க, எடித்தே அப்படி காத்திருந்திருக்க மாட்டாங்க.

ஆனாலும் அந்த வீட்டை அவங்க உடனே வித்துட்டுப் போகல. ஏறக்குறைய இருபது வருஷம் வார கடைசியில அங்க வந்து இருந்தாங்க. 1972ல பீட்டர் பாலம்போன்னு இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் வாங்கினார், அவர் கட்டடக் கலை மேல பைத்தியமா இருந்த பணக்காரர், வராந்தா வலையைக் கழட்டிட்டு ஏசி போட்டார், அவருக்கு அந்த வீடு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஏன்னா அவர் கேட்டது ஒரு கலைப்பொருளை, கிடைச்சதும் அதுதான். 2003ல ஏலத்துல 75 லட்சம் டாலருக்கு பாதுகாப்பு அமைப்புங்க வாங்கி இப்ப அது மியூசியம். 2021ல பேரை எடித் ஃபார்ன்ஸ்வொர்த் வீடுன்னு முழுசா மாத்தினாங்க. எடித் இத்தாலிக்குப் போய் கவிதை மொழிபெயர்த்துக்கிட்டு 1977ல காலமானாங்க.

இதே மாதிரி பெரிய பேர், இதே மாதிரி பிடிவாதம், ஆனா வேற மாதிரி முடிஞ்ச ஒரு வீடும் இருக்கு, பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் புரியும். பென்சில்வேனியாவுல ஃபாலிங்வாட்டர். பிட்ஸ்பர்க்ல பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் வெச்சிருந்த எட்கர் காஃப்மேன் 1934ல ஃபிராங்க் லாய்ட் ரைட்ங்கற பேர் பெத்த அமெரிக்க ஆர்க்கிடெக்ட்டைத் தேர்ந்தெடுத்தார். காஃப்மேன் கேட்டது அருவியைப் பாத்துக்கிட்டு இருக்கற வீடு, ரைட் கொடுத்தது அருவி மேலயே வீடு. செலவும் நினைச்சதைப் போல பல மடங்கு ஏறி 1,55,000 டாலர் ஆச்சு. இதுலயும் சண்டை வந்துச்சு, கடுமையான லெட்டர் எல்லாம் போச்சு. ஆனா காஃப்மேன் வியாபாரி, நம்பிக்கை வேற சரிபார்ப்பு வேறன்னு தெரிஞ்சவர். அந்தரத்துல நீட்டிக்கிட்டு நிக்கற அந்த கான்கிரீட் தளத்தோட டிராயிங்கை தன் செலவுல பிட்ஸ்பர்க் இன்ஜினியர்ங்ககிட்ட கொடுத்து பாக்க வெச்சார், அவங்க கம்பி பத்தாதுன்னு சொல்லி, ரைட் சம்மதம் இல்லாமலே கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கம்பி போட்டாங்க. ரைட்டுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்ல. ஆனா 1990கள்ல ஆய்வு பண்ண இன்ஜினியர்ங்க, ரைட் போட்ட கம்பி மட்டும் இருந்திருந்தா தளம் தாங்கியிருக்காதுன்னு கணக்கு போட்டுச் சொன்னாங்க. அந்தக் கூடுதல் கம்பி இருந்துமே தளம் ஏழு இன்ச் வரைக்கும் தொங்கிப் போய், 2002ல உள்ள கேபிள் கொடுத்து இழுத்துக் கட்டினாங்க.

காஃப்மேன்கிட்ட எனக்கு இன்னொரு விஷயம் ரொம்பப் பிடிக்கும். கலிபோர்னியா பாலைவனத்துல பாம் ஸ்பிரிங்ஸ்ல இன்னொரு வீடு கட்ட நினைச்சப்ப, அவர் ரைட்கிட்ட போகல, ரிச்சர்ட் நியூட்ராங்கற வேற ஆர்க்கிடெக்ட்டைப் பிடிச்சார். 1946ல அந்த வீடு. காட்டுக்கு ஒருத்தர், பாலைவனத்துக்கு ஒருத்தர். நமக்கு இது நேரா பொருந்தும். ஈசிஆர்ல பீச் ஹவுஸ் பிரமாதமா போட்டவர் கும்பகோணம் அக்ரஹாரத்துல இருபது அடி அகலத்துக்கு நீட்டமா இருக்கற மனைக்கு சரியா வருவாரான்னு தனியா யோசிக்கணும், உங்க மனை மாதிரி மனையில, உங்க பட்ஜெட் மாதிரி பட்ஜெட்ல அவர் கட்டினது ஏதாவது இருக்கான்னு கேளுங்க. இருந்தா அந்த வீட்டுக்குப் போங்க, ஆர்க்கிடெக்ட் கூட இல்லாம போங்க. குறைஞ்சது ரெண்டு மூணு மழைக்காலம் பாத்த வீடா இருக்கணும். அந்த வீட்டு அம்மாகிட்ட அஞ்சு நிமிஷம் பேசினா போதும், துணி எங்க காயப் போடறீங்க, கிரைண்டர் எங்க வெச்சிருக்கீங்க, மொட்டை மாடி ஒழுகுதா, பில்லு சொன்ன தொகைக்குள்ள முடிஞ்சுதா, கூப்பிட்டா சைட்டுக்கு வருவாரா. வீட்டுக்காரர்கிட்ட கேட்டா கவுரவத்துக்காக எல்லாம் சூப்பர்னு சொல்லிருவார்.

இந்தியாவுல ஆர்க்கிடெக்ட்ங்கற பேரைப் போட்டுக்க 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணியிருக்கணும், அந்த நம்பர் சிஏன்னு ஆரம்பிக்கும், ஆன்லைன்லயே சரிபாக்கலாம். ஆனா 2020ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, சட்டம் பாதுகாக்கறது அந்தப் பேரை மட்டும்தான், வீடு டிசைன் பண்ற வேலையை மத்தவங்க செய்யறதை அது தடுக்கலைன்னு. அதனால சிவில் இன்ஜினியரோ அனுபவப்பட்ட டிசைனரோ பிளான் போட்டுக் கொடுக்கறதால மட்டும் அது சட்ட விரோதம் ஆயிடாது, நல்லா செய்யறவங்களும் இருக்காங்க. பாக்க வேண்டியது என்னன்னா, விசிட்டிங் கார்டுல ஆர்க்கிடெக்ட்னு போட்டுட்டு நம்பர் கேட்டா மழுப்பறவர்கிட்ட பேச்சையே நிறுத்திருங்க, தொழில்ல முதல் வரியிலயே பொய் சொல்றவர் சிமென்ட் கணக்குல உண்மை சொல்லுவாரா? தமிழ்நாட்டுல 2024ல வந்த சுயசான்று முறையில 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனையில 3,500 சதுர அடி வரைக்கும் கட்டற சின்ன வீட்டுக்கு நாம கொடுக்கற உறுதிமொழியை நம்பி ஆன்லைன்லயே உடனே அனுமதி கிடைக்குது. அலைச்சல் போச்சு, நல்ல விஷயம். ஆனா உங்க பிளானைப் பாத்து கேள்வி கேக்கற ஒரு கண்ணு குறைஞ்சுருச்சுங்கறதையும் மனசுல வெச்சுக்கங்க. அனுமதிக்குப் போடற பிளான் வேற, மேஸ்திரி கையில இருக்க வேண்டிய வேலை டிராயிங் வேற, கம்பி எத்தனை எம்எம், எத்தனை இன்ச்சுக்கு ஒண்ணு, லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல வர்ற பீம், எந்த உசரம்னு எல்லாம் அதுலதான் இருக்கும். ஃபீஸ் பேசறப்ப இதெல்லாம் சேர்த்தியா இல்லையான்னு கேட்டு எழுதி வாங்கணும், மண் பரிசோதனை செலவும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஃபீஸும் யார் தலையில, இதையும்தான்.

ஒப்பந்தம் ரெண்டு பக்கம் இருந்தாலே போதும், வக்கீல் பாஷை வேண்டாம், தமிழ்லயே எழுதலாம். எந்தக் கட்டத்துல எவ்வளவு ஃபீஸ், எந்தெந்த வேலை நடக்கறப்ப சைட்டுக்கு நிச்சயம் வருவார், குறிப்பா கடைக்கால் மார்க்கிங், தூண் நிறுத்தறது, ரூஃப் கான்கிரீட்டுக்கு முன்னாடி கம்பி செக் பண்றது. எஸ்டிமேட்டைத் தாண்டி செலவு போனா எத்தனை சதவீதத்துல நிறுத்திக் கேக்கணும். நடுவுல பிடிக்காமப் போய் பிரிஞ்சா அது வரைக்கும் எவ்வளவு கொடுக்கணும், டிராயிங் யாருக்கு. அதோட ஒரு தனி பேப்பர்ல நீங்க வாழற விதத்தை எழுதி முதல் நாளே கொடுத்துருங்க. காலையில யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்காங்க, அம்மா அப்பா கூட இருக்காங்களா, மாடிப்படி ஏற முடியுமா, நவராத்திரிக்கு கொலு வைப்பீங்களா, ஊர்ல இருந்து சொந்தம் வந்தா எங்க படுப்பாங்க, வாஸ்து எவ்வளவு தூரம் பாப்பீங்க, பாத்ரூம்ல இந்தியன் வேணுமா வெஸ்டர்னா. வாஸ்துவை பிளான் முடிஞ்ச பிறகு மாமனார் வந்து சொன்னார்னு கிளப்பினா அது ஆர்க்கிடெக்ட்டுக்குச் செய்யற அநியாயம், முதல்லயே சொல்லிருங்க. இந்தப் பேப்பரைப் படிச்சுட்டு அவர் உங்ககிட்ட திருப்பி என்ன கேக்கறார்னு கவனிங்க, திருப்பிக் கேள்வி கேட்டா, "இது முடியாது, ஏன்னா"ன்னு காரணத்தோட மறுத்தா, அந்த ஆளை விடாதீங்க. எதுக்கெடுத்தாலும் பண்ணிரலாம் சார், பண்ணிரலாம்மான்னு மட்டும் சொல்றவர்னா இன்னும் ரெண்டு பேரைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, அட்வான்ஸ் அதுக்கப்புறம் கொடுத்தா போதும்.